மூன்று முறை எண்ணியவர்

அரங்கத்தில் எல்லோரும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து பக்கச்சுவரில் மோதும் ஓசையும் அதைத் தொடர்ந்து எழும் கூச்சலும் அவருடைய முதுகுக்குப் பின்னால் நடந்தன. கண்கள் இருக்கைகளின் மேலேயே இருந்தன. கோல் விழுந்தால் கூட்டம் எழுந்துவிடும். எழுந்தால் வரிசை கலைந்துவிடும். கலைந்தால் அவர் முதலிலிருந்து எண்ண வேண்டும். எனவே எங்கள் அணி கோல் போடுவதில் அவருக்குச் சிறிய மனத்தாங்கல் உண்டு என்று நாங்கள் கேலி செய்வோம்.

“போடட்டும் டீச்சரம்மா, வேணாம்னா சொல்றேன்? நான் எண்ணி முடிச்ச பெறகு போடட்டும்,” என்பார்.

நான் டீச்சர் இல்லை. ஒரு மிஷன் பள்ளியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடி அணிந்து கையில் புத்தகம் வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சரம்மாதான். இருமுறை திருத்தினேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

மாட்டுத்தாவணிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கிடங்கைத்தான் உள்ளரங்கக் கால்பந்துக்காக மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை, செயற்கைப் புல், சுற்றிலும் இடுப்பளவு பலகைச் சுவர், இரண்டு பக்கமும் படிப்படியாக அறுநூறு நாற்காலிகள். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம். சம்பளத்துக்கு ஆடும் வீரர்கள், ஊருக்கு ஓர் அணி, எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் ஒரு லீக் அலுவலகம். மதுரை அணியின் கடிதங்களையும் செய்திக்குறிப்புகளையும் எழுதுவது என் வேலை. பார்வையாளர்களை எண்ணுவது அவருடைய வேலை. லீக் விதிப்படி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண் அனுப்ப வேண்டும்.

அதற்கு முன் அவர் நகரப் பேருந்துகளில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எல்லோரும் அவரைச் செக்கிங் அண்ணே என்றே அழைத்தார்கள். நிறுத்தத்தில் வந்து நிற்கும் பேருந்தை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார் என அவருடன் வேலை செய்த ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். முதலில் நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் தேநீர்க் கடை வாசலில் நாங்கள் நின்றிருந்தபோது ஒரு பேருந்து கடந்து போனது. அவர் தேநீரிலிருந்து முகத்தைக்கூட முழுதாக எடுக்கவில்லை. “ஐம்பத்தியேழு. படியில நாலு,” என்றார். சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்தக் குரலில் ஜம்பம் இல்லை, எனவே நம்பினேன்.

எண்ணுவதற்கென்று விரலால் அமுக்கும் சிறிய கருவி ஒன்றை அணி மேலாளர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆட்டங்கள் வைத்திருந்துவிட்டுச் செக்கிங் அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்தார். “இது அமுக்குனா ஏறுது சார். ஆளு இருந்தாத்தான் ஏறணும்னு அதுக்குத் தெரியல.” அதன் பின் பென்சிலும் நீள நோட்டும்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று கட்டம் போடுவார். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒருமுறை, இடைவேளை முடிந்ததும் ஒருமுறை, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருமுறை. லீக் கேட்டது ஓர் எண்தான். மேலாளர் எப்போதும் முதல் கட்டத்தை அனுப்பச் சொல்வார். அதுதான் பெரியதாக இருக்கும். மற்ற இரண்டையும் யாரும் கேட்டதில்லை. கேட்காத அந்த இரண்டு எண்களையும் அவர் அதே கவனத்துடன் எழுதினார்.

சேர்ந்த புதிதில் நான் எழுதிய செய்திக்குறிப்பு ஒன்றில் ‘ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆரவாரம்’ என்று ஒரு வரி இருந்தது. எழுதும்போதே எனக்கு அது பொய் என்று தெரியும். செய்திக்குறிப்பின் மொழி அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவர் நாளிதழை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“டீச்சரம்மா, ஒரு சந்தேகம். இந்த ஆயிரம் பேரும் எந்த வாச வழியா உள்ள வந்தாக? ரெண்டு வாசலயும் நான்தான பாத்துக்கிட்டு நின்டேன்?”

கோபமில்லை, உண்மையாகவே விசாரிப்பவரைப் போலக் கேட்டார். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “வந்தவுக இருநூத்திச் சொச்சம் பேரு. வேல வெட்டிய விட்டுட்டு வந்தவுக. நீங்க ஆயிரம்னு எழுதிட்டா, அந்த இருநூறு பேரும் வந்ததுக்கு என்ன மரியாத?” என்றார். அன்றிலிருந்து என் குறிப்புகளில் எண் மட்டுமே இருந்தது. செய்தியாளர்கள் அதை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பெயர்கள் அவருக்கு முக்கியமில்லை, இருக்கைகள் முக்கியம். தூணோரப் பச்சைச் சட்டை. வலது பக்க மேல்வரிசையில் பூச்சந்தையிலிருந்து வரும் மூன்று பெண்கள். மல்லிகை மூணு என்பது அவர்களுக்கு அவர் வைத்த பெயர். வில்லாபுரத்துக் கூட்டம் என்று பதினைந்து இருபது பேர், குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒருமுறை பச்சைச் சட்டை தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் வரவில்லை. இவர் டிக்கெட் கொடுப்பவரிடம் விசாரித்து, பேருந்து ஏறிப் போய், மாடிப்படியில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தவரைப் பார்த்துவிட்டு வந்தார். நோட்டில் அந்த நாற்காலிக்கு நேரே ‘கால்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆட்டத்தின் முடிவுகளையும் சொல்லிவிட்டு வந்தாராம். அதற்காக முந்தின நாள் என்னிடம் வந்து, “மூணு ஆட்டத்துலயும் ஜெயிச்சது யாரு டீச்சரம்மா, நம்மளா அவுகளா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் ஆண்டில் லீக் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பாதி இருக்கைகளாவது நிறையாத அரங்குகளிலிருந்து அணி அடுத்த ஆண்டு வேறு ஊருக்கு மாற்றப்படும். பாதி என்றால் எங்களுக்கு முந்நூறு. எங்கள் எண் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நின்றது.

அணி போனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். வெளியூர் வீரர்கள் எங்கே போனாலும் ஆடுவார்கள். ஆனால் எங்கள் கோல்கீப்பர் செல்லூர்க்காரர். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒப்பந்தம் கிடைத்ததும் தறியை விட்டுவிட்டு வந்தவர். படுக்கையில் தாய், புதிதாக மனைவி. வேறு ஊருக்குப் போக முடியாது. அணி போனால் அவர் மறுபடி தறிக்குப் போக வேண்டும். அது முழுநேர வேலை, பயிற்சிக்கு நேரம் இருக்காது. இருபத்தாறு வயதில் ஆட்டம் முடிந்துவிடும். இதை எல்லோரும் அறிவோம்.

கடிதம் வந்த மறுநாள் கோல்கீப்பர் அவரைத் தேடி வந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

“அண்ணே, ஆட்டத்துக்கு ஒரு அம்பது தலைய கூட்டிப் போடுங்கண்ணே. யாரு வந்து பாக்கப் போறா?”

“நான் பாக்குறேன்ல மாப்ள.”

“நெசமாத்தான் கேக்குறேன்.”

“நெசமாத்தான் சொல்றேன். இல்லாத ஆள எழுதிக் குடுத்தா அடுத்த வருசம் யாரு முன்னாடி ஆடுவ? நோட்டு முன்னாடியா?”

“பேச்சு நல்லாத்தான் இருக்கு. தறிக்குப் போறவன் நான்ல?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை முழுவதும் செக்கிங் அண்ணன் மேசையை விட்டு எழவில்லை. ஒரு பென்சிலைச் சீவிச் சீவி அரை விரல் நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு நோட்டை என் முன்னால் விரித்தார். “டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. இதப் பாத்தா என்ன தெரியுது?”

ஆட்டங்களின் எண்கள், மும்மூன்றாக. முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் கூட்டம் மாதத்துக்கு மாதம் மெல்லக் குறைந்துவந்தது. ஆர்வம் வடிகிறது என்றேன். மேலாளரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டுக் கச்சேரி வைக்கலாம், நடிகர் யாரையாவது அழைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது கட்டத்தப் பாருங்க,” என்றார். மூன்றாவது கட்டம் தொடக்கத்திலிருந்தே சரிந்திருந்தது. இடைவேளைக்குப் பிறகும் இருந்தவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் இல்லை. “ஆட்டம் பிடிக்காதவன் எடவேளையிலயே போயிருவான். கடைசியில எந்திரிச்சுப் போறவன் ஆட்டம் பிடிக்காமப் போகல. அவன் எதையோ பிடிக்கப் போறான்.”

மூன்று நாட்கள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறார். வில்லாபுரத்துக்கு நேராகப் போகும் பேருந்து எட்டேகாலுக்குப் புறப்பட்டுவிடும். ஆட்டம் முடிவது எட்டரைக்கு. அதை விட்டால் இரண்டு பேருந்து மாற வேண்டும். குழந்தைகளை வைத்துக்கொண்டு யார் மாறுவார்கள்? முதலில் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து ஓடினார்கள். வெற்றி தோல்வி தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் வருவார்கள்? பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். முதல் கட்டம் குறைந்தது அப்படித்தான்.

“கூட்டத்துக்கு ஆட்டம் சலிச்சுப் போகல சார். கூட்டத்துக்கு பஸ்ஸு இல்ல,” என்றார் மேலாளரிடம். “ஏழு மணி ஆட்டத்த ஆறு மணிக்கு வைங்க. நடிகரெல்லாம் வேணாம்.”

எவ்வளவு எளிய காரியம்! ஆறு மணிக்கு வைத்தோம். வில்லாபுரத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூன்றாவது கட்டம் முதல் கட்டத்துக்குச் சமமாக நிற்கத் தொடங்கியது. இருந்தும் முந்நூறைத் தொடவில்லை. ஆண்டு முடிய இன்னும் நான்கு ஆட்டங்களே இருந்தன.

அப்போதுதான் நான் அந்தப் பிழையைக் கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகம் எடுத்துவர மறந்துபோய், பொழுது போகாமல் முன்வரிசை ஒன்றை நானே எண்ணினேன். பதினான்கு வந்தது. அவருடைய நோட்டில் அந்த வரிசைக்குப் பதினொன்று. அவர் தவறி எண்ணுவார் என்பதை நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன், பதினான்குதான். அவரை அழைத்துக் கேட்டேன். நின்று, கண்களைச் சுருக்கி, வரிசையை ஒருமுறை துடைத்தாற்போலப் பார்த்தார்.

“பதினொன்னு.”

“அந்த அம்மா மடியில் ஒரு பிள்ளை, முழங்காலோரம் இரண்டு இருக்கின்றனவே?”

“ஆமா.”

“எண்ணினீர்களா?”

“மடிப்பிள்ளைக்கு ஏதும்மா டிக்கெட்டு…” என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் பேருந்துகளில் ஏறி இறங்கிய கண் அது. மடியில் இருக்கும் பிள்ளையையும் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் பிள்ளையையும் அந்தக் கண் தாண்டிப் போகப் பழகியிருந்தது. தாண்டுகிறோம் என்று அதற்கே தெரியாது. இரண்டு ஆண்டுகளாக இந்த அரங்குக்கு வந்த எந்தச் சிறு பிள்ளையும் அவருடைய நோட்டுக்குள் வரவில்லை. லீக் விதியில் ‘வயது வேறுபாடின்றி’ என்று தெளிவாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் அதைப் படித்ததில்லை. நான் படித்திருந்தேன், அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பாதி உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, கையக் குடுங்க! பழைய கணக்கு பூராத்துக்கும் பிள்ளைகளச் சேத்துருவோம். ஆட்டத்துக்கு ஒரு நாப்பது வராது?”

“எத்தன பிள்ளைக வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்.”

“தோராயமா…”

“நான் பாக்காத பிள்ளைய எப்பிடிச் சார் கூட்டுறது? வந்தப்ப வரலன்னு எழுதிட்டேன். இப்ப வராத பிள்ளையையும் வந்துச்சுன்னு எழுதணுமா? ஒரு தப்புப் போதும்.”

பிறகு என்னிடம் வந்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான் எழுதியதில் ‘தவிர்க்க இயலாத சூழலில் நேர்ந்த சிறு விடுபாடு’ என்று ஒரு தொடர் இருந்தது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் வேணாம். எண்ணுனவன் நான், தப்பா எண்ணிட்டேன், பழைய எண் எதையும் நம்பாதீக, ஆள அனுப்பி கடைசி ஆட்டத்த என்கூட நின்டு எண்ணுங்க. அம்புட்டுத்தான்,” என்றார். அப்படியே எழுதினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே மிகச் சிறியது அது.

கடைசி ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பழைய எண்களை ஒதுக்கிவிட்டு அன்றைய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதாக லீக் ஒத்துக்கொண்டிருந்தது. எப்போது எண்ணுவது என்று அவள் கேட்டாள். “கடைசி அஞ்சு நிமிசம் தாயி. அதுவரைக்கும் இருக்குறவுகதான் நம்ம ஆளுக,” என்றார் அவர். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று கூட்டம் நன்றாக வந்தது. மல்லிகை மூணும் வந்தார்கள். பச்சைச் சட்டை ஊன்றுகோலோடு வந்து தூணோரம் உட்கார்ந்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் செக்கிங் அண்ணனும் அந்தப் பெண்ணும் எதிரெதிர் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு போனார்கள். நான் நடுப்படியில் நின்றேன். இந்த முறை அவர் ஒவ்வொரு மடியையும் குனிந்து பார்த்தார். கோல் எதுவும் விழக் கூடாதே என்று அன்று வேண்டிக்கொண்டது நான்தான். விழவில்லை.

அவள்தான் முதலில் முடித்தாள். “முந்நூற்று ஒண்ணு சார்!” அவளுக்கே மகிழ்ச்சி. மேலாளர் ஓடிவந்தார். செக்கிங் அண்ணன் தன் நோட்டைப் பார்த்தார். பிறகு அரங்கைப் பார்த்தார். அந்தச் சில நொடிகளில் அவர் வாய் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. திறக்காதிருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

“தாயி, அந்தா கீழ்ப்படியில உக்காந்திருக்காரே, அவரு நம்ம எலெக்ட்ரீசியன். பக்கத்துல நர்ஸம்மா, முதலுதவிக்கு வந்தவுக. அந்த ஓரத்துல சுண்டல் விக்கிறவரு, கால் வலின்னு இப்பத்தான் உக்காந்தாரு. மூணு பேரும் சோலியா வந்தவுக. பாக்க வந்தவுக இல்ல.”

“அவங்களும் உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானே சார் இருக்காங்க?” என்றாள் அவள், மெதுவாக. அவளும் எங்களுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள் என்றே நினைக்கிறேன்.

“பஸ்ஸுல கண்டக்டரும்தான் உக்காருவாரு தாயி. அவரு பயணியா?”

அவள் முந்நூற்று ஒன்றை அடித்துவிட்டு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். ஊதல் ஊதி ஆட்டம் முடிந்தது. நாங்கள் வென்றிருந்தோம், யாரும் கவனிக்கவில்லை. கோல்கீப்பர் கையுறையைக் கழற்றாமலேயே படியேறி வந்தார். மேலாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

“எம்புட்டுண்ணே?”

“ரெண்டு கொறையுது மாப்ள,” என்றார் அவர், நேராகப் பார்த்து. “மூணு கூட வந்துச்சு. நான்தான் எடுத்தேன்.”

எடுத்ததைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. குறைகிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். கோல்கீப்பர் அப்போதுதான் கையுறைகளைக் கழற்றினார். பிறகு படியிறங்கிப் போனார். அந்தப் பெண் புறப்படும்போது செக்கிங் அண்ணனுடைய நோட்டைக் கேட்டு வாங்கி, எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விதிப்படி மதுரைக்கு முழு ஆண்டு ஆட்டங்கள் இல்லை. ஆனால் ஆட்ட நேரத்தை மாற்றிய பிறகு மூன்றாவது கட்டம் நிலைத்து நிற்பதைக் கண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை மட்டும் ஓர் ஆண்டுக்கு இங்கேயே விட்டுவைத்திருந்தார்கள். எல்லா ஊர்களும் இனி மூன்று முறை எண்ணி அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது.

காய்ச்சல் என்று செக்கிங் அண்ணன் அன்று வரவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழி தெரியாது என்று, காலையிலேயே செய்தியைக் கேட்டிருந்த கோல்கீப்பரைத் துணைக்கு அழைத்தேன். மூன்று வாரங்களாக அவர் செக்கிங் அண்ணனோடு பேசியிருக்கவில்லை. வருவாரா என்ற ஐயம் எனக்கிருந்தது. வந்தார், ஆனால் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

செக்கிங் அண்ணன் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து கடிதத்தை வாங்கினார். ஆங்கிலம் என்பதால் எண்ணை மட்டும் தேடினார். விரலை வைத்து, “இருநூத்தித் தொண்ணூத்தெட்டுன்னுதான போட்டுருக்காக?” என்றார்.

“ஆமாம்.”

“அப்பச் சரி. மத்ததச் சொல்லுங்க.”

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றதும் வாசல் பக்கம் பார்த்தார். “மாப்ளைக்குக் கணக்கு எப்பிடி?”

“வாரத்துல ஆறு நாள் தறி, ஒரு நாள் கோலு,” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “மொதலாளி சரின்னுட்டாரு.”

“எம்மேல சடவா இருக்கா?”

வண்டியை ஸ்டாண்டில் போடும் ஓசை கேட்டது. கோல்கீப்பர் நிலைப்படியில் வந்து நின்றார். நிலை உயரம் அவருக்குப் போதவில்லை, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“சடவுதான். இல்லாம என்ன? மூணு வாரமா உங்கள வையாத நாளில்ல.” நிலைச்சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டார். “அந்தக் கொறஞ்ச ரெண்டு பேரு இருக்காகள்ல, அவுகள நானே கூட்டியாரேண்ணே. எங்க தெருவுல பெரிய தறிச்செட்டு ரெண்டுக்கும் ஞாயித்துக்கிழம லீவுதான்.”

“கூட்டியா,” என்றார் அவர், கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டியபடி. “கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா எண்ணிக்கிறேன்.”